உதட்டெழுத்துகள்

நன்றி என்று சொல்ல
நாக்கு நுனி இரண்டு தரம் மேலே போகவேண்டும்,
ஒரு தரம் பல்லுக்கு, ஒரு தரம் அண்ணத்துக்கு.
என் நுனி
மகரகம ஆஸ்பத்திரியில் ஒரு போத்தலுக்குள் போனது,
பதினாறு வருசத்துக்கு முன்னம், ஒரு புதன்கிழமை.
மிஞ்சியவை உதட்டெழுத்துகள்:
ம, ப, கொஞ்சம் வ.

என் பெண்சாதியைக் களுதாவளையில்
தர்மலெட்சுமி என்பார்கள்.
அதில் ஒரு ‘ம’வைத் தவிர ஒன்றும் எனக்கு வராது.
பெற்றவர்களும் கூடப்பிறந்தவர்களும் மட்டும்
கூப்பிடுகிற வீட்டுப் பெயர் பேபி.
கலியாணம் முடித்துப் பதினொரு வருசம்
அதைச் சொல்ல வெட்கப்பட்டிருந்தேன்.
கட்டுப் பிரித்த ஐந்தாம் நாள்
வாயை விட்டு வந்த முதல் சொல் அதுதான்.
சிரித்தாள். பக்கத்துக் கட்டில்காரரும் சிரித்தார்.
இப்போது அவளுக்கு ஐம்பத்திரண்டு, மூட்டுவலி,
இன்னும் பேபி.

வெற்றிலையில் பிழைத்த குடும்பம் எங்களது.
மணலில் கிணறு வெட்டி, கொடிக்குத் தண்ணீர் வார்த்து,
விடிந்ததும் முதல் இலை என் வாய்க்குத்தான்,
புகையிலைத் துண்டோடு.
வியாதி வந்ததும் கொடியை வெட்டிச் சாய்க்கச் சொன்னார்கள்.
மச்சான் தவேந்திரன் கேட்கவில்லை.
அவர் என்னோடு கொழும்பில் நிற்க,
தோட்டத்தில் மச்சாள் சுகிர்தம்
மூன்று மணிக்கு எழும்பி, லாம்பு வெளிச்சத்தில் இலை கிள்ளினாள்.
லொட்ஜ் வாடகை, பஸ், குழாய் வழியே போன சத்துமா
எல்லாம் அந்த இலைதான்.
முப்பத்துமூன்று நாள் கரண்டு பிடித்தார்கள் எனக்கு.
மச்சாள் அதற்குப் பிறகு வாயில் ஒரு இலை போட்டதில்லை.
விற்கிறாள். போடுவதில்லை.

அது சண்டைக் காலம்.
மன்னம்பிட்டியில் பஸ்ஸை நிறுத்தி இறக்கினார்கள்.
பெயர் கேட்டார்கள்.
பெயர் சொல்லாமல் நிற்கிற தமிழன்
அந்த நாளில் என்ன ஆவான் என்று தெரியும்தானே.
மச்சான் முன்னால் வந்து
என் சால்வையை அவிழ்த்துக் கழுத்துத் தையலைக் காட்டினார்.
என் பெயரைச் சொன்னார், பிறகு தன்னுடையதை.
திரும்பக் கட்டிவிடும்போது
முடிச்சு மூன்று தரம் நழுவியது.
அதைப் பற்றி நாங்கள் கதைத்ததே இல்லை.

மகள் வினுஜாவுக்கு அப்போது ஆறு வயசு.
என் வாயை முதலில் படித்தவள் அவள்.
கடையில் நான் ‘பபு’ என்பேன்,
பருப்பு அரைக் கிலோ என்பாள்.
‘குடிச்சிருக்காரா?’ என்று கேட்ட முதலாளியின்
மிட்டாய்ப் போத்தலைத் தட்டிவிட்டு வந்தாள்.
பள்ளிக்கூடத்தில் அவள் மேல் வந்த முறைப்பாட்டுக்கும்
என் பதிலை அதிபருக்குச் சொன்னது அவளேதான்,
நான் சொன்னதைவிட மிகவும் பணிவாக.

இந்த வருசக் கிளினிக். மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரி.
நம்பர் நாற்பத்தொன்று.
டொக்டர் புதுசு, சின்னப் பெடியன்.
வாய்க்குள் டோர்ச் அடித்தார், கழுத்தைத் தடவினார்,
கோப்பை முதல் தாள் வரைக்கும் புரட்டினார்.
‘பதினாறு வருசமா? எப்படி ஐயா சமாளிச்சீங்க?’

சொன்னேன்.
பேபி அரைத்த கஞ்சி, அதை வடித்த வேட்டித்துண்டு,
மச்சாளின் மூன்று மணி, சால்வை முடிச்சு,
மிட்டாய்ப் போத்தல்.
எச்சில் வழிந்தது, துடைத்துக்கொண்டு சொன்னேன்.
இவள் இல்லாவிட்டால் நான் ஊமை என்றும் சொன்னேன்.

டொக்டர் வினுஜாவைப் பார்த்தார்.
அவள் என் சட்டைக் கொலரைச் சரிசெய்தாள்.
‘ஒண்டுமில்ல டொக்டர். சாப்பாடு இறங்குதாம்.’

எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.
பஸ்ஸுக்கு நிற்கையில் கேட்டேன், என் பாஷையில்,
ஏன் புள்ள சொல்லல்ல?
‘எனக்கு விளங்கல்லப்பா’ என்றாள்,
அந்தப் பக்கம் கிறுகி நின்றுகொண்டு.

கல்முனை பஸ் வந்தது. சனம் நெரித்தது.
முண்டிக்கொண்டு முதல் ஆளாய் ஏறி
எனக்கு யன்னல் சீற் பிடித்தாள்.